பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிச் செல்ல: முன் இருக்கையா, பின் இருக்கையா, இழுவண்டியா?

சிங்கப்பூரில் பாலர் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடச் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்கிற பெற்றோர் இப்போது அதிகம். பொங்கோலிலும் தெம்பனிஸிலும் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கினாலே சைக்கிள் பாதை. பள்ளி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். நடந்தால் பிள்ளை பாதி வழியில் தூக்கச் சொல்லும். பஸ்ஸுக்கு நின்றால் வேலைக்கு நேரமாகிவிடும். சரி, சைக்கிள்தான் என்று முடிவெடுத்துக் கடைக்குப் போனால் அங்கே கேள்வி நான்காகப் பிரிகிறது. முன்னால் பொருத்தும் இருக்கை, பின்னால் பொருத்தும் இருக்கை, பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர், பிள்ளையும் பெடல் மிதிக்கும் ஒட்டு வண்டி. எதை வாங்குவது?

இதற்கு ஐரோப்பியப் பெற்றோர் சொல்லும் பதில்கள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அவர்களில் பலருடைய வண்டி வீட்டு வாசலில், தரையில் நிற்கிறது. நம்முடையது மின்தூக்கியில் ஏறிப் பன்னிரண்டாம் மாடிக்குப் போக வேண்டும். அதனால் ஓடும்போது எது சுகமாக இருக்கிறது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். நிற்கும்போது எது உங்களுக்கு அடங்கி நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். பள்ளி வாசல், சிக்னல், மின்தூக்கிக் கதவு ஆகிய மூன்று இடங்களிலும் நீங்கள் ஒரு கையால் வண்டியையும் மறு கையால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

## எவற்றை வைத்து முடிவு செய்வது

பிள்ளையின் எடை. வயதைவிட இதுதான் முக்கியம். ஈஎன் 14344 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி செய்யப்படும் இருக்கைகளில் 9 கிலோ முதல் 15 கிலோ வரை ஒரு வகை, 9 முதல் 22 கிலோ வரை இன்னொரு வகை. முன் இருக்கைகள் 15 கிலோவோடு நின்றுவிடும். 9 கிலோ என்ற கீழ் வரம்புக்கும் காரணம் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கழுத்து, தலைக்கவசத்தின் எடையோடு குலுக்கலைத் தாங்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் ஒரு வயது நிறைவதற்கு முன் சைக்கிள் இருக்கையில் உட்கார வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

மிதிக்கப்போவது யார். நம் வீடுகளில் காலையில் அப்பா விட்டுவருவார், மாலையில் தாத்தாவோ பாட்டியோ பணிப்பெண்ணோ அழைத்துவருவார். ஐந்தடி உயரமுள்ள பாட்டி 18 கிலோ பேரனைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு சிக்னலில் கால் ஊன்ற முடியுமா? வாங்குகிறவருக்குப் பிடித்த வண்டி என்பதைவிட, வீட்டிலேயே உயரமும் வலுவும் குறைந்தவர் கையாளக்கூடிய வண்டி எது என்று பாருங்கள்.

வைக்கும் இடம். பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. இருக்கை பொருத்திய சைக்கிளையும் ஒரு டிரெய்லரையும் வாசலில் நிறுத்தினால் அந்த 1.2 மீட்டர் மிஞ்சாத புளோக்குகள் நிறைய. கீழே இருக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் விடலாம், ஆனால் மழைச்சாரல் படும் இடமாக இருந்தால் இருக்கையின் மெத்தை காயவே காயாது.

பாதை விதி. நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் வேக வரம்பு. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே போகும் நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டன. பாதசாரி மேம்பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டும். சாலையைக் கடக்குமுன் நின்று பார்க்க வேண்டும். பொதுப் பாதையில் ஓட்டும் வண்டிக்கு 70 சென்டிமீட்டர் அகலமும் 20 கிலோ எடையும் உச்ச வரம்பு. இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கடையில் ஆசைகாட்டும் பல வண்டிகள் இங்கேயே கழிந்துவிடும்.

வெயிலும் மழையும். காலை ஏழரைக்கு எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்துவரும் பிள்ளைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

| | முன் இருக்கை | பின் இருக்கை | டிரெய்லர் | ஒட்டு வண்டி |
|---|---|---|---|---|
| பிள்ளை | 9–15 கிலோ, சுமார் 1 முதல் 3 வயது | 9–22 கிலோ, சுமார் 1 முதல் 5 அல்லது 6 வயது | 1 வயதுக்கு மேல். எடை வரம்பு மாடலைப் பொறுத்தது | சுமார் 5 முதல் 8 வயது |
| நிற்கும்போது | எளிது | கவனம் வேண்டும் | மிக நிலையானது | பிள்ளை தானே இறங்கும் |
| மின்தூக்கி, வீடு | சிரமமில்லை | கழற்ற முடிந்தால் சிரமமில்லை | மடித்தாலும் இடம் அடைக்கும் | நீளம் தொல்லை |
| மறைந்த செலவு | ஒன்றிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டும் | கேரியர், ஸ்டாண்டு, வேறு தலைக்கவசம் | வாடகையோடு ஒப்பிட்டால் அதிகம் | பயன்படும் காலம் குறைவு |
| ஏற்ற பயணம் | அருகில், மெதுவாக | தினசரிப் பள்ளிப் பயணம் | பூங்கா, வார இறுதி | நீண்ட பூங்கா இணைப்புப் பாதை |

## பின் இருக்கை

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருந்துகொண்டு தினமும் பாலர் பள்ளிக்குப் போகும் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒன்றரை வயதில் வாங்கினால் தொடக்கநிலை ஒன்று நெருங்கும்வரை உழைக்கும். விலையையும் அந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் நான்கில் இதுதான் சிக்கனம்.

ஆனால் இதன் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பலர் அதை வேகத்தில் தேடுகிறார்கள். மாலை வேளையில் ஏதாவது ஒரு பாலர் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அம்மா வண்டியை ஒற்றைக் கால் ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்துகிறார். தரை கால்வாய்ப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது. தோளில் கைப்பை, ஹேண்டில்பாரில் பள்ளிப் பை. பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து வாரை மாட்டக் குனிகிறார். உள்ளே தோழியைப் பார்த்த பிள்ளை கையாட்ட ஒரு பக்கமாகச் சாய்கிறது. முன்சக்கரம் தானாகத் திரும்புகிறது, ஸ்டாண்டு வழுக்குகிறது, மொத்த எடையும் மேலே இருப்பதால் வண்டி அப்படியே போகிறது. ஓடாத வண்டியிலிருந்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, காலில் வார் மாட்டிய நிலையில் பிள்ளை விழும்.

இதற்கு மருந்து இரட்டைக் கால் ஸ்டாண்டு. இரண்டு காலும் விரிந்து பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் வகை. அதோடு முன்சக்கரம் திரும்பாமல் பிடிக்கும் ஸ்பிரிங் ஒன்றையும் போட்டுக்கொள்ளலாம். இருக்கைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டாவது இந்த ஸ்டாண்டை வாங்குங்கள். ஸ்டாண்டு எவ்வளவு நல்லதானாலும் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. ஏற்றும்போது தலைக்கவசம் முதலில், பிறகு வார். இறக்கும்போது வார் முதலில், கவசம் கடைசியில்.

இருக்கை பொருந்தும் விதம் இரண்டு. சீட்டுக்குக் கீழே இருக்கும் நேர்க்குழாயைக் கவ்விக்கொண்டு இரண்டு கம்பிகளில் தொங்குவது ஒன்று; இதற்குக் குழாய் உருண்டையாக, வயர் எதுவும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். கேரியர்மேல் உட்காருவது மற்றொன்று. இதற்குக் கேரியரில் 27 கிலோ என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 22 கிலோ பிள்ளையும் நான்கைந்து கிலோ இருக்கையும் சேர்ந்தால் கணக்கு அங்கே வந்துவிடும். பை வைப்பதற்கென்று வரும் சாதாரணக் கேரியர் இதற்கு உதவாது. கார்பன் பிரேமில் எந்தக் கவ்வியையும் மாட்டாதீர்கள். இருக்கையின் பக்கத்தில் எடை மையத்தைக் காட்டும் குறி ஒன்று இருக்கும். அது பின்சக்கர அச்சுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போகக் கூடாது. போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகி வண்டி தள்ளாடும்.

சின்ன விஷயங்கள் சில, கடையில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். உங்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் பின்னால் இருக்கும் பிள்ளையின் விரல் சரியாக அதற்குள் போகும். மூடி போடுங்கள் அல்லது சீட்டை மாற்றுங்கள். பாதத்துக்கு வார் இல்லாத இருக்கையை வாங்கவே வேண்டாம், ஏனென்றால் ஆரக்கம்பியில் கால் சிக்கினால் கணுக்கால் முறியும். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டினால் அது பிள்ளையின் முகத்தில் இடிக்கும். பின்பக்கம் புடைத்த தலைக்கவசம் உயரமான இருக்கை முதுகில் முட்டித் தலையை முன்னால் தள்ளும். பின்பக்கம் தட்டையான கவசம் தனியாகக் கிடைக்கிறது. நீங்கள் ஏறும்போது காலைப் பின்னால் சுழற்ற முடியாது, அங்கே பிள்ளை இருக்கும். ஆகவே நடுக்குழாய் தாழ்ந்த, முன்னால் கால் நுழைத்து ஏறும் சைக்கிள்தான் இதற்கு வேண்டும். சேலையோ சுடிதாரோ உடுத்துகிறவர்களுக்கும் அதுவே வசதி. துப்பட்டாவின் நுனியை மட்டும் இறுகக் கட்டிவிட்டு ஏறுங்கள்.

மின்தூக்கி சிறியதாக இருக்கும் பழைய புளோக்குகளில் பலர் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தி ஏற்றுகிறார்கள். பின் இருக்கை மாட்டியிருந்தால் அது முடியாது. ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றும் வகையை வாங்கினால் இருக்கையைக் கையில் தூக்கிக்கொண்டு மேலே போகலாம், மழைக்கும் வெயிலுக்கும் அது தப்பும். கூடுதலாக ஒரு கவ்வி வாங்கி மற்றவரின் சைக்கிளிலும் பொருத்திவிட்டால் காலையில் அப்பாவுக்கும் மாலையில் பாட்டிக்கும் ஒரே இருக்கை போதும்.

## முன் இருக்கை

ஒன்று முதல் இரண்டரை வயதுவரை இதற்கு ஈடு இல்லை. பிள்ளை உங்கள் இரு கைகளுக்கு நடுவில் இருக்கும். தூங்குகிறதா, அழுகிறதா, காலணியைக் கழற்றி எறியப்போகிறதா என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். பொங்கோல் நீர்வழி ஓரமாகப் போகும்போது உடும்பைக் காட்டலாம், கொக்கைக் காட்டலாம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகலாம். தமிழ் பேச நேரமில்லை என்று வருந்தும் பெற்றோருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய வரவு. பிள்ளையின் எடை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விழுவதால் நின்ற இடத்திலும் வண்டி நிதானமாக இருக்கும். காற்றும் முகத்தில் படும்.

குறைகளும் உண்டு. 15 கிலோ வரம்பைப் பல பிள்ளைகள் மூன்று, மூன்றரை வயதிலேயே தொட்டுவிடுவார்கள். அதற்கு முன்பே உங்கள் முழங்கால் இருக்கையில் இடிக்கத் தொடங்கும். முழங்காலை விரித்து மிதிப்பீர்கள், ஒரு வாரத்தில் இடுப்பு வலிக்கும். குட்டையான ஓட்டுநருக்குப் பிள்ளையின் தலைக்கவசம் தாடையில் முட்டும். பிள்ளை தூங்கிவிட்டால் தலை முன்னால் தொங்கும், அதைப் பிடிக்க ஒரு கையை எடுப்பீர்கள், அப்போது ஒரு பிரேக் உங்கள் கையில் இல்லை.

ஆகவே, முதலில் முன் இருக்கை வாங்கிப் பிறகு பின் இருக்கைக்கு மாறுவது என்று திட்டமிட்டால் இரண்டு செலவு. பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு வயது ஆகியிருந்தால் முன் இருக்கையைத் தாண்டி நேராகப் பின் இருக்கைக்குப் போய்விடுங்கள். ஒரு வயதுதான், ஓட்டப்போகிறவர் பின்னால் எடை வைத்து ஓட்டிப் பழகாதவர் என்றால் முன் இருக்கையில் தொடங்குவதில் நியாயம் இருக்கிறது.

## டிரெய்லர்

பாதுகாப்பு ஒன்றையே பார்த்தால் இதற்குப் பல நல்ல குணங்கள் உண்டு. தாழ்வாக இருப்பதால் பிள்ளை விழும் உயரம் குறைவு. சைக்கிள் சாய்ந்தாலும் நல்ல இணைப்பு உள்ள டிரெய்லர் சாயாது. இரண்டு பிள்ளைகள், பால் போத்தல், மாற்றுடுப்பு, சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் உள்ளே போகும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் காலையில் கிளம்பி, மரத்தடியில் இட்லி சாப்பிட்டு, தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்பாமல் திரும்பி வர இதைவிடச் சுகமான வழி இல்லை.

அன்றாடப் பள்ளிப் பயணத்துக்கு மட்டும் நான் இதைச் சொல்வதில்லை. இரண்டு பிள்ளைகள் அமரும் டிரெய்லர்கள் பெரும்பாலும் 75 முதல் 80 சென்டிமீட்டர் அகலம். மேலே சொன்ன 70 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றைப் பிள்ளை டிரெய்லர் குறுகலானது. எதை வாங்குவதானாலும் அளவையும் மாடலையும் குறிப்பிட்டு நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு, பதில் கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். நடைபாதையில் எதிரே சக்கர நாற்காலி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. பாதையின் வாயிலில் நட்டிருக்கும் தடுப்புக் கம்பங்களுக்கு நடுவில் சைக்கிள் நுழையும், பின்னால் வரும் சக்கரம் மோதும். மின்தூக்கியில் சைக்கிளையும் டிரெய்லரையும் ஒன்றாக ஏற்ற முடியாமல், ஒன்றைக் கீழே விட்டு ஒன்றை மேலே கொண்டுபோக நேரும். அப்போது பிள்ளை எங்கே நிற்கும்?

உள்ளே வெப்பமும் சேரும். குளிர்நாடுகளுக்காகச் செய்த டிரெய்லரில் காற்றுவழி குறைவு. மழைத் திரையை இறக்கி மூடிவிட்டுச் சூரியன் திரும்ப வந்ததும் அதை ஏற்ற மறந்தால் சில நிமிடங்களில் உள்ளே புழுங்கும். வலைத்துணி நாலு பக்கமும் உள்ள மாடலைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

மாதத்தில் ஓரிரு முறை பூங்காவுக்கு மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். பிள்ளை இருக்கை உள்ள சைக்கிள் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் வாடகைக் கடைகளில் கிடைக்கிறது.

## ஒட்டு வண்டி

முன்சக்கரம் இல்லாத அரைச் சைக்கிளை உங்கள் வண்டியின் பின்னால் பூட்டுவது. பிள்ளை தன் சீட்டில் உட்கார்ந்து தன் பெடலை மிதிக்கும்; விட்டுவிட்டாலும் வண்டி ஓடும். பின் இருக்கையின் 22 கிலோவைத் தாண்டிவிட்ட, தனியாக நெடுந்தூரம் ஓட்டத் தெரியாத பிள்ளைக்கு நடுவில் ஒரு படி. பிள்ளை சாய்ந்தால் உங்கள் வண்டியும் இழுபடும் என்பதால் சொல்பேச்சு கேட்கும் பிள்ளையாக இருக்க வேண்டும், தூக்கம் வரும் நேரமாக இருக்கக் கூடாது. இதற்குச் செலவு செய்வதைவிட அதே பணத்தில் பெடல் இல்லாத சமநிலைச் சைக்கிளை இரண்டரை, மூன்று வயதிலேயே வாங்கிக் கொடுத்தால் ஐந்து வயதில் பிள்ளை தானாகவே ஓட்டும். பெரும்பாலானவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

## பெட்டி வண்டி, மின்சைக்கிள், மடக்கு சைக்கிள்

முன்னால் மரப்பெட்டி வைத்த ஐரோப்பியச் சரக்கு சைக்கிளைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை 20 கிலோ வரம்பைத் தாண்டிய எடை. மோட்டார் வைத்தவை இன்னும் கனம். நம் பாதைகளுக்கு ஆகாது.

இங்கே அனுமதிக்கப்பட்ட மின்சைக்கிளுக்கும் 20 கிலோதான் வரம்பு. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர், பதிவெண் தகடு, 16 வயது நிறைந்த ஓட்டுநர், கோட்பாட்டுத் தேர்வு என்று நிபந்தனைகள். முக்கியமாக, நடைபாதையில் ஓட்டக் கூடாது. உங்கள் புளோக்கிலிருந்து பள்ளிவரை சைக்கிள் பாதை இடைவிடாமல் இல்லையென்றால் பாதி வழி தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பதிவான வண்டியில் எதையும் தன்னிச்சையாக மாற்றக் கூடாது என்பதால் பிள்ளை இருக்கை பொருத்தலாமா என்பதை வாங்குமுன்னே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

மடக்கு சைக்கிள் மடித்த நிலையில் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் ஏற்றலாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே ரயில் ஏறலாம் என்று கணக்குப் போடுவார்கள். இருக்கை மாட்டியிருந்தால் பல வண்டிகள் மடங்காது. சின்னச் சக்கரத்தில் இருக்கை அச்சுக்குப் பின்னால் தள்ளிப்போகும், மிதிக்கும்போது குதிகால் பிள்ளையின் காலில் தட்டும்.

## இரண்டு பிள்ளைகள் என்றால்

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைக்கத் தொழில்நுட்பத்தில் தடையில்லை. ஆனால் சைக்கிளின் மொத்த எடை வரம்பைப் பாருங்கள். பல வண்டிகளில் ஓட்டுநர், பிள்ளைகள், பைகள் எல்லாம் சேர்த்து 120 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதைவிட, ஒருவரை இறக்கும்போது மற்றவர் வண்டியிலேயே இருப்பார். நான் பரிந்துரைப்பது இது: மூத்தது நான்கு வயதைத் தாண்டியிருந்தால் அதைத் தனிச் சைக்கிளில் பழக்கி, இளையதை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்கும் சிறியவை இரண்டு என்றால் பஸ்ஸே மேல். விரித்த குழந்தைத் தள்ளுவண்டியோடு பஸ்ஸில் ஏறலாம், சலுகை அட்டை உள்ள ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமும் இல்லை.

## எந்த வழியிலும் கூடாதவை

நம் தாத்தாக்கள் முன்பாரில் துண்டைச் சுற்றிப் பிள்ளையை உட்கார வைத்தார்கள், பாட்டிகள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து மடியில் குழந்தையை வைத்துக்கொண்டார்கள். அன்று வேறு வழியில்லை, அன்போடுதான் செய்தார்கள். இன்று அது வேண்டாம். கைக்குழந்தையை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு ஓட்டுவதும் வேண்டாம்; நீங்கள் விழுந்தால் குழந்தையின் மேல்தான் விழுவீர்கள். பகிர்வுச் சைக்கிளின் முன்கூடை பைக்கானது, அதில் பிள்ளையை வைக்கக் கூடாது. சாலையில் ஓட்டுகிறவருக்குத் தலைக்கவசம் சட்டப்படிக் கட்டாயம். பாதையில் கட்டாயமில்லை என்றாலும் பிள்ளைக்கு ஒருநாளும் கவசமில்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

## பழைய இருக்கை வாங்கினால்

புதிய இருக்கையின் விலை உறுத்தினால் பழையதை வாங்குவதில் தவறில்லை. விபத்தில் விழுந்ததா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். வெயிலில் பல ஆண்டு நின்ற பிளாஸ்டிக் வெளுத்திருக்கும்; இருக்கையின் முதுகை இரு கையால் லேசாக வளைத்துப் பாருங்கள், வெள்ளைக் கோடு விழுந்தால் வேண்டாம். வார்கள் நைந்திருந்தால் அதே நிறுவனத்தின் மாற்று வார் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கவ்வியின் திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா, உங்கள் சைக்கிள் குழாயின் விட்டத்துக்குப் பொருந்துமா என்று சைக்கிளையே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்துவிட்டு, பிள்ளையின் எடைக்குச் சமமான அரிசி மூட்டையை அதில் கட்டி, புளோக்கைச் சுற்றி இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.